நீராவி யுகத்தில் நமக்கும் பங்கு உண்டு

இங்கிலாந்தின் லிங்கன் நகரில் ஆகஸ்ட் மாதக் கடைசியில் வரும் நீண்ட விடுமுறையின்போது ஸ்டீம்பங்க் ரசிகர்கள் திரளுகிறார்கள். 2009-ல் தொடங்கிய விழா இது. பெயர் ‘அசைலம்’, தொடக்கத்தில் விழா நடந்த கட்டடம் ஒரு காலத்தில் மனநல மருத்துவமனையாக இருந்ததால் அந்தப் பெயர். கோட்டைக்கும் பேராலயத்துக்கும் இடைப்பட்ட பழைய தெருக்களில் அந்த நாட்களில் உயரமான தொப்பிகளும், பித்தளை வளையமிட்ட காற்றுத்தடுப்புக் கண்ணாடிகளும், பின்புறம் புடைத்து நிற்கும் 1870-களின் பாவாடைகளும், செப்புக் குழாயும் பல்சக்கரமும் பொருத்திய கற்பனை ஆயுதங்களும் நிறைந்திருக்கும். வந்திருப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: பெட்ரோலும் கணினிச் சில்லும் வராமல், விக்டோரியா மகாராணி காலத்து நீராவி இயந்திரமே வளர்ந்துகொண்டு போயிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும்? அருமையான கேள்வி. அதைப் பலரும் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். இயந்திரத்தை மாற்றிப் பார்க்கத் துணிந்தவர்கள், அந்த இயந்திரத்தின் பலத்தில் நின்ற பேரரசையும் மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு இந்தியர்களிடமும், குறிப்பாகத் தமிழர்களிடமும், சொல்ல நிறைய இருக்கிறது.

இந்த விழாக்களின் பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் கே.டபிள்யூ.ஜீட்டர் 1987-ல் ஓர் இதழுக்கு எழுதிய கடிதத்தில், தானும் தன் நண்பர்களும் எழுதிவந்த விக்டோரிய காலக் கற்பனைக் கதைகளுக்கு வைத்த பெயர்தான் ஸ்டீம்பங்க். கதையில் பிறந்த இந்த ஆர்வம் பின்னால் கைவேலையாக வளர்ந்தது. கடையில் வாங்கிப் போட்டுக்கொண்ட வேடத்தைவிட, பழைய கடிகாரத்தைப் பிரித்தெடுத்த சக்கரமும், தானே வெட்டித் தைத்த தோல் பட்டையும், தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய பித்தளையும் இங்கே மதிக்கப்படுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம் 2009-ல் இத்தகைய படைப்புகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட முடியாதபடி ஒட்டி மூடப்பட்ட கைபேசிகளின் காலத்தில், எந்தச் சக்கரம் எதைச் சுழற்றுகிறது என்று கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய இயந்திரத்தின் மீது மனிதர்களுக்கு ஏக்கம் வருவது நியாயமே. அந்தக் கற்பனை வெறும் கனவும் அல்ல. சார்லஸ் பாபேஜ் 1840-களில் வரைந்து, தன் வாழ்நாளில் கட்ட முடியாமல் போன இரண்டாம் வேறுபாட்டுப் பொறியின் கணக்கிடும் பகுதியை, லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அந்த வரைபடங்களைக் கொண்டே 1991-ல் கட்டி முடித்தது. அது பிழையில்லாமல் கணக்குப் போட்டது. வரலாறு வேறு பாதையில் போயிருக்க முடியும் என்பதற்கு டன் கணக்கில் எடைகொண்ட வெண்கல, இரும்புச் சான்று அது.

ஆக, மாற்று வரலாறு என்ற அடிப்படையில் எனக்குச் சண்டை இல்லை. எதை மாற்றுகிறோம், எதை மாற்றாமல் விடுகிறோம் என்பதில்தான் விவாதம். ஸ்டீம்பங்க் கூட்டங்களில் வழக்கமாகத் தென்படும் வேடங்களில் ஒன்று ‘நாடுகாண் பயணி’யுடையது: காக்கி உடுப்பு, மார்பில் பதக்கங்கள், இல்லாத ஏதோ ஒரு படைப்பிரிவின் சின்னம், தலையில் வெள்ளைத் தொப்பி. இன்று அந்தத் தொப்பி எதில் வேண்டுமானாலும் செய்யப்படலாம். அசலில் அது நெட்டியால் ஆனது. குளங்களிலும் சதுப்பு நிலங்களிலும் வளரும் அந்தச் செடியின் பஞ்சு போன்ற தண்டைச் சீவித்தான் தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் பெரிய கோயிலின் சிறு வடிவத்தைச் செய்கிறார்கள். எடை குறைவு, வெயிலின் சூடு தலைக்கு இறங்காது என்பதால் வெள்ளை அதிகாரிகளுக்கு அது பிடித்துப்போனது. பிறகு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆள்பவர்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. வேடமிடும் மனிதர் நல்லவராக இருக்கலாம், பெரும்பாலும் நல்லவர்தான். ஆனால், அந்தத் தொப்பி யாருடைய நாட்டுக்குள் நுழைவதற்காகத் தலையில் ஏறியது என்ற கேள்வி அவருடைய கதையில் எழுவதே இல்லை. ஆகாயக் கப்பல் புதிதாக வந்துவிட்டது. அது போய் இறங்கும் ஊர்களும், அங்கே கைகட்டி நிற்கும் மக்களும் மட்டும் பழையபடியே இருக்கிறார்கள்.

இந்த உடைகள் நினைவூட்டும் ஆண்டுகள் எவை என்று கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். அந்தப் புடைத்த பாவாடை நாகரிகமாக இருந்த அதே 1870-களில்தான் சென்னை மாகாணம் தாது வருடப் பஞ்சத்தில் மாண்டது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவையும் தக்காணத்தையும் வாட்டிய அந்தப் பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. பஞ்சம் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 1877 ஜனவரி 1 அன்று, விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவிக்க டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் தர்பார் நடத்தினார். செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் கல் உடைத்த ஆண்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஏதோ சிறு காசும் போதும் என்றார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். அப்போதே ரயில் இருந்தது. ராயபுரத்திலிருந்து 1856-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. பஞ்சப் பகுதிகளுக்கு தானியம் கொண்டுவந்ததும் ரயில்தான். விலை அதிகம் கிடைக்கும் சந்தைகளுக்கும் துறைமுகங்களுக்கும் இங்கிருந்து தானியத்தை இழுத்துச் சென்றதும் அதே ரயில்தான். பஞ்ச ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. நீராவி தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அதை யார் வைத்திருந்தார்கள் என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்தது. நீராவி யுகத்தைக் கொண்டாடும் விழாவில் இந்த உண்மைக்கு ஓர் ஓரமாவது வேண்டாமா?

இன்னும் நெருங்கிய சான்றும் விழாவுக்குள்ளேயே இருக்கிறது. பிரிட்டிஷ் ஸ்டீம்பங்க் கூட்டங்களில் ‘தேநீர்ச் சண்டை’ என்றொரு போட்டி பிரபலம். இருவர் எதிரெதிரே உட்கார்கிறார்கள். ஆளுக்கொரு கோப்பை சூடான தேநீர், ஆளுக்கொரு பிஸ்கட். நடுவருக்கு ‘டிஃபின் மாஸ்டர்’ என்று பட்டம். அவர் சொல்லும்போது பிஸ்கட்டை முக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்திருந்து, வெளியே எடுக்க வேண்டும். பிறகு பொறுமைக்குச் சோதனை: பிஸ்கட் ஊறித் தொங்குகிறது, எந்த நொடியும் உடையலாம், உடையாமல், சிந்தாமல், கடைசியாக வாயில் போட்டுக்கொள்பவரே வெற்றி பெற்றவர். யாரையும் புண்படுத்தாத இனிய விளையாட்டு. சண்டையைப் பிஸ்கட்டும் தேநீருமாக மாற்றிவிட்ட மனங்களை எனக்குப் பிடிக்கிறது. அந்தக் கோப்பைக்குப் பின்னால் உள்ள கதையும் விளையாடுபவர்களுக்குத் தெரிந்தால் நல்லது. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867-ல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். அடுத்த ஆண்டுகளில் காப்பிச் செடிகளை நோய் தின்று தீர்க்க, மலைநாடு முழுவதும் தேயிலை பரவியது. அதை நட்டு, களை எடுத்து, கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து போனவர்கள். முதல் தலைமுறைகள் கடலைக் கடந்து மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்தே போனார்கள். வழியில் இறந்தவர்கள் ஏராளம். 1880-களின் இறுதிக்குள் பிரிட்டன் குடித்த தேநீரில் இந்திய, இலங்கைத் தேயிலை சீனத் தேயிலையை முந்திவிட்டது. விக்டோரிய நாகரிகத்தின் சின்னமாகக் காட்டப்படும் அந்தப் பீங்கான் கோப்பையை நிரப்பியதில் தமிழர்களின் கையும் உண்டு.

‘இது வெறும் விளையாட்டு, வேலை நாட்களின் அலுப்புத் தீர ஒரு வார இறுதி உடுத்திக்கொண்டு சிரிக்கும் மனிதர்களிடம் போய்ப் பஞ்சக் கணக்கு வாசிப்பதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதிலாக அதே விழாவில் பெண்கள் ஏற்கும் வேடங்களைக் காட்டுவேன். அங்கே பெண்கள் ஆகாயக் கப்பல் கேப்டன்கள், பொறியாளர்கள், ரசவாதிகள், துப்பறிவாளர்கள். உண்மையான விக்டோரிய இங்கிலாந்தில் திருமணமான பெண் தன் பெயரில் முழு உரிமையோடு சொத்து வைத்துக்கொள்ள 1882-ல் வந்த சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை அந்த நூற்றாண்டில் வரவே இல்லை. அந்த அநீதியை ஸ்டீம்பங்க் ரசிகர்கள் ஒரு சொல்கூட விவாதிக்காமல் தங்கள் கற்பனையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இறுக்கிக் கட்டும் கார்செட்டைக்கூட உள்ளாடையாக இல்லாமல் கவசம்போல வெளியே அணிகிறார்கள். யாரும் ‘விளையாட்டில் அரசியல் கலக்கிறார்கள்’ என்று புகார் சொல்லவில்லை. விளையாட்டு இன்னும் சுவையாகத்தான் ஆனது. ஆண்-பெண் ஏற்றத்தாழ்வைத் திருத்தி எழுத முடிகிறது என்றால், ஆண்டான்-அடிமை ஏற்றத்தாழ்வை மட்டும் கல்வெட்டைப் போல விட்டுவைப்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? நான் கேட்பது யாருடைய குற்றவுணர்வையும் அல்ல. லங்காஷயர் ஆலைகளில் விரல் இழந்த குழந்தைகளின் பேரப்பிள்ளைகளும் லிங்கனுக்கு வருகிறார்கள். அவர்களுடைய முன்னோர்களையும் அதே பேரரசு பொருட்படுத்தவில்லை. பிரிட்டிஷ் எழுத்தாளர் சார்லஸ் ஸ்ட்ராஸ் 2010-லேயே, இந்தக் கற்பனை அந்தக் காலத்து ஏழைகளின் வாழ்க்கையை மறைக்கிறது என்று வெளிப்படையாகக் கண்டித்தார். இந்த விமர்சனத்தை முதலில் எழுப்பியவர்கள் நாம் இல்லை.

பேரரசை எதிர்க்கும் குரல் இந்தக் கற்பனைக்கு அந்நியமானது என்று நினைப்பதும் தவறு. ஸ்டீம்பங்கின் முன்னோடி என்று எல்லோரும் வணங்கும் ஜூல் வெர்னிடமே அது இருக்கிறது. 1870-ல் முழு நூலாக வந்த ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்குகள்’ நாவலின் கேப்டன் நீமோ யார் என்பதை வெர்ன் முதலில் சொல்லவில்லை. ரஷ்யாவை எதிர்த்த போலந்துப் பிரபுவாக அவரை வைக்கவே நினைத்திருந்தார். பதிப்பாளர் எட்ஸெல் ஒத்துக்கொள்ளவில்லை. 1875-ல் முடிந்த ‘மர்மத் தீவு’ நாவலில்தான் முகமூடி கழன்றது. நீமோ, புந்தேல்கண்டின் இளவரசர் டக்கார். 1857 எழுச்சியில் ஆங்கிலேயர்களுக்கு எதிராகப் போரிட்டுக் குடும்பத்தையே இழந்தவர். திப்புவின் உறவினர் என்றும் வெர்ன் எழுதியிருக்கிறார். காலக்கணக்கு பொருந்தாது, ஆனால் நோக்கம் தெளிவு. ஆக, உலகமே வியந்த அந்த நீர்மூழ்கிக் கப்பலைக் கட்டிய பொறியாளர் ஓர் இந்தியக் கலகக்காரர். (நாட்டிலஸ் என்ற அந்தக் கப்பல் ஓடியது மின்சாரத்தில் என்றாலும், ரசிகர்கள் அதை நீராவிக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார்கள், அதில் எனக்கு மறுப்பில்லை.) பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ‘மர்மத் தீவு’க்கு உடனே வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில், பிரிட்டிஷ் ஆட்சியைப் பழிக்கும் பகுதிகள் மாற்றி எழுதப்பட்டன. பல தலைமுறை ஆங்கில வாசகர்கள் கோபம் வடிகட்டப்பட்ட நீமோவைத்தான் படித்தார்கள். 1954-ல் வந்த டிஸ்னி படத்தில் நீமோவாக நடித்தவர் ஆங்கிலேயரான ஜேம்ஸ் மேசன். ஹார்ப்பர் காஃப் அந்தப் படத்துக்காக வடிவமைத்த, ரிவெட் ஆணிகள் அடித்த இரும்புக் கப்பல்தான் இன்றைய ஸ்டீம்பங்க் அழகியலுக்கே அச்சாரம். கப்பலை எடுத்துக்கொண்டார்கள், கேப்டனின் முகத்தை விட்டுவிட்டார்கள். 2003-ல் வந்த ஒரு படத்தில் நஸீருதீன் ஷாவும், 2024-ல் வந்த ‘நாட்டிலஸ்’ தொடரில் ஷசாத் லதீஃபும் அந்த முகத்தை மீட்டுத் தந்தார்கள். இந்தியராகவே நீமோ வேடமிட்டு இத்தகைய விழாக்களுக்குப் போகிற ஒருவர் புதிதாக எதையும் திணிப்பதில்லை. மூல நூலுக்கு அவர்தான் விசுவாசமானவர்.

பேரரசைக் கேள்வி கேட்டால் கதையின் சுவை போய்விடும் என்ற பயத்துக்கு எழுத்தாளர்கள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்கள். நிசி ஷாலின் ‘எவர்ஃபேர்’ (2016) பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் கொடுமைக்கு ஆளான காங்கோவை எடுத்துக்கொண்டு, அங்குள்ள மக்கள் கையில் நீராவித் தொழில்நுட்பம் கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்கிறது. பி.ஜெலி கிளார்க்கின் ‘எ மாஸ்டர் ஆஃப் ஜின்’ (2021), ஆங்கிலேயரை விரட்டிவிட்டுத் தலைநிமிர்ந்து நிற்கும் 1912-ம் ஆண்டின் கெய்ரோவில் நடக்கிறது. சிறந்த நாவலுக்கான நெபுலா விருது அதற்குக் கிடைத்தது. ஜெய்மி கோவும் ஜாய்ஸ் சிங்கும் தொகுத்த ‘தி ஸீ இஸ் அவர்ஸ்’ (2015) தென்கிழக்கு ஆசிய ஸ்டீம்பங்க் கதைகளுக்கென்றே வந்த தொகுப்பு. இவற்றைப் படித்தவர்கள் பிரசங்கம் கேட்ட சலிப்போடு எழுந்து போகவில்லை. லண்டன் மூடுபனியைவிட்டு வெளியே வந்ததால் இந்த வகைக் கதைக்குப் புதிய இயந்திரங்கள், புதிய ஊர்கள், புதிய ஆபத்துகள் கிடைத்தன. எழுத்தில் நடந்துவிட்ட இந்த மாற்றம் விழாத் திடல்களுக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வேறொரு எதிர்ப்பும் வரும்: வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன அதில்? இருக்கிறது. நீராவி யுகத்தின் மாபெரும் மாற்று வரலாறு ஒன்று கற்பனையில் அல்ல, தூத்துக்குடியில் நடந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்தை பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தன் பிடியில் வைத்திருந்தது. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் பாண்டித்துரைத் தேவரைத் தலைவராகக் கொண்டு சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவுசெய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். முதலில் வாடகைக் கப்பல், அதுவும் நெருக்கடியால் கைநழுவியதும் சொந்தக் கப்பல்கள்: 1907-ல் ‘காலியா’வும் ‘லாவோ’வும் தூத்துக்குடிக்கு வந்தன. கட்டணப் போர் தொடங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாகவே ஏற்றிச் செல்ல முன்வந்தது. நீராவிக் கப்பல் என்ற அதே இயந்திரம், கைமாறிய மாத்திரத்தில், ஒரு பேரரசை இத்தனை பதற்றத்துக்கு உள்ளாக்கியது. 1908-ல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற வ.உ.சி. கைதானார், இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தார். நீராவிக் கப்பல் ஓட்டியவரை மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டியது அரசு. இயந்திரத்தை இந்தியன் கையிலெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆட்சி தந்த பதில் அதுதான். அந்தக் கம்பெனி நீடித்திருந்தால்? கொழும்பையும் ரங்கூனையும் பினாங்கையும் சுதேசிக் கப்பல்கள் இணைத்திருந்தால்? ஸ்டீம்பங்க் கதை எழுத வேண்டிய எந்தத் தமிழ் இளைஞருக்கும் இதைவிடப் பெரிய ‘ஒருவேளை’ தேவையில்லை. வ.உ.சி. பிறந்தது 1872-ல், விக்டோரிய காலத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். லிங்கன் தெருக்களில் அவருக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கும் இல்லை.

ஆகவே, விலகி நிற்பதும் புறக்கணிப்பதும் தீர்வல்ல. நாம் போகாத இடத்தில் நம் கதையை யாரும் சொல்லப்போவதில்லை. விழா அமைப்பாளர்கள் சில காரியங்களைத் தயங்காமல் செய்யலாம். பேச்சரங்குகளில் 1857-க்கும் 1877-க்கும் சுதேசிக் கப்பலுக்கும் ஒவ்வொரு மணி நேரம் ஒதுக்கலாம். ஆசிய, ஆப்பிரிக்க, கரீபியக் கைவினைஞர்களை அழைத்து அவர்கள் படைப்புகளை நுழைவாயிலுக்கு அருகிலேயே வைக்கலாம். எந்த வேடத்தையும் தடைசெய்ய வேண்டியதில்லை. தடை போட்டு யாருடைய நினைவையும் வளர்க்க முடியாது. நெட்டித் தொப்பிக்காரருக்குப் பக்கத்தில் இளவரசர் டக்காரும், தூத்துக்குடிக் கப்பலின் எஞ்சின் அறைத் தொழிலாளியும், பித்தளைக் கண்ணாடி அணிந்த கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டப் பெண்ணும் நின்றாலே, பேசுவதற்கு அவர்களுக்குள் விஷயம் கிடைத்துவிடும். அந்த ரசிகர்கள் பண்பானவர்கள், புதியவர்களின் கைவேலையைக் கேட்டு விசாரிப்பவர்கள். நல்ல கதைக்குக் காதுகொடுப்பார்கள். பிரிட்டனில் வாழும் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தாவின் பழைய கடிகாரம் இருந்தால் எடுங்கள், ‘காலியா’ என்று பித்தளையில் ஒரு பெயர்ப்பலகை செய்யுங்கள், மாலுமி உடுப்பைத் தைத்துக்கொள்ளுங்கள். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து லிங்கனுக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம்தான்.